மேனிப் பொலிவும் மெய்யறிவும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் நம் சமணச் சான்றோர் அருளியவை. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலம், கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர் கூடிய மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணிமேதாவியார் இயற்றிய ஏலாதியோ, ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த சூரணத்தின் பெயர் கொண்டது. உடற்பிணி தீர்க்கும் மருந்தை இழிவாக எண்ணியிருந்தால், உயிர்ப்பிணி தீர்க்கும் நூலுக்கு அம்மருந்தின் பெயரைச் சூட்டியிருக்க மாட்டார்கள். உடலைப் பற்றி நின்றுதான் உயிர் அறம் செய்கிறது. ஆகவே உடலைப் பேணுதல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது அன்று. எந்த அளவில், எந்த வழியில், எவற்றின் இழப்பில் பேணுகிறோம் என்பதே கேள்வி.

இக்கேள்வி இன்று புதிய வடிவில் நம் இல்லங்களுக்குள் வந்திருக்கிறது. ஆயுர்வேதத் தைலமும் கைப்பேசியும் கூட்டுச் சேர்ந்துள்ளன. கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டினால், கருவளையம் இவ்வளவு, சுருக்கம் இவ்வளவு, கரும்புள்ளி இவ்வளவு என்று அது கணக்கிட்டுச் சொல்கிறது. பத்துப் பதினைந்து வினாக்களுக்கு விடை தந்தால், நமது உடல் வாதமா, பித்தமா, கபமா என்று தீர்ப்பு வழங்குகிறது. அடுத்த கணமே அதற்குரிய தைலம், பொடி, சோப்பு ஆகியவற்றின் விலைப்பட்டியல் வந்து நிற்கிறது. இதனை நன்றென்பதா, தீதென்பதா? எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்லி இவ்வாராய்ச்சியைத் தொடங்குகிறேன். இதை எழுத என் தங்கையும் அவள் மகளும் இசைவு தந்தனர். நம் சமூகம் சிறியது என்பதால் ஊரும் பெயரும் வேண்டா.

நடந்தது

என் தங்கை மகள் அப்போது மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இடது முழங்கைக்கு மேலே வெளிறிய தேமல் ஒன்று, எட்டணா அளவில் தோன்றியது. அதை எங்களிடம் சொல்லவில்லை. நீண்ட கையுள்ள சட்டை அணியத் தொடங்கினாள். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டோம். தன் தாயின் கைப்பேசியில், மேனிப் பராமரிப்புச் செயலி ஒன்றில் முகத்தையும் கையையும் படம் பிடித்து அனுப்பினாள். நூற்றுக்கு 61 என்று முகத்துக்கு மதிப்பெண் வந்தது. கைத் தேமலுக்கு, வாத பித்த மிகுதியால் உண்டான நிறக்குறை என்று விடை வந்தது. மூன்று மாதத்துக்கு உரிய தைலமும் பொடியும் 2,850 ரூபாய். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் நாங்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து வாங்கியிருக்கிறாள்.

நான்கு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை தோசை வார்த்துக்கொண்டிருந்தவளின் கையைத் தற்செயலாகப் பார்த்த என் தங்கை திடுக்கிட்டாள். தேமலின் மீது நெல்லிக்காய் அளவில் கொப்புளம் எழும்பியிருந்தது. "எப்போது சுட்டுக்கொண்டாய்?" என்று கேட்டதற்கு, அந்தப் பெண் கையைத் திருப்பிப் பார்த்து, "தெரியவில்லையே அம்மா" என்றாள். சூடு பட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் ஊருக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர், பெண்ணைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தம் கையிலிருந்த பேனாவின் முனையால் கையின் பல இடங்களில் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டச் சொன்னார். நல்ல தோலைத் தொட்டபோதெல்லாம் சரியாகச் சுட்டினாள். தேமலைத் தொட்டபோது விரல் அசையவில்லை. அரை நிமிடச் சோதனைதான். அதற்கு விலையும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் உறுதி செய்தார். தொழுநோயின் தொடக்கம்.

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வீட்டில் நிலவிய மௌனத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் மருத்துவர் அமைதியாக விளக்கினார். 1873இல் ஹான்சன் என்னும் நார்வே நாட்டு மருத்துவர் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். பெரும்பாலோர் உடலில் இதனைத் தடுக்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. நீண்ட நாள் நெருங்கிப் பழகினாலன்றி எளிதில் தொற்றாது. மருந்து தொடங்கியபின் பிறர்க்குத் தொற்றும் அச்சமும் நீங்கிவிடும். கூட்டு மருந்து அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. இத்தகைய தொடக்க நிலைக்கு ஆறு மாதம் போதும். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர் என்பதையும் அவரே கூறினார். முன்வினை என்றோ, குலக்குறை என்றோ ஒளித்து வைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகளையே 2019இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

பெண் இன்று நலமாக இருக்கிறாள்; கல்லூரியில் பயில்கிறாள். ஆயினும் அந்த நான்கு மாதத் தாமதம் என்னை வருத்துகிறது. மருந்து தாமதித்தால் நரம்பு கெடும். கெட்ட நரம்பு எல்லார்க்கும் மீள்வதில்லை. தவறு யாருடையது? ஆயுர்வேதத்தினுடையதா? கருவியினுடையதா? எங்களுடையதா?

நூல் சொன்ன மூன்று தேர்வு

முதலில் ஆயுர்வேதத்தை நோக்குவோம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் நோயாளியை ஆராயும் வழி மூன்றென்று வகுக்கிறது: தரிசனம், ஸ்பரிசனம், பிரச்னம். காணல், தொடுதல், வினவல் எனலாம். நம் சித்த மருத்துவமோ நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகைத் தேர்வைக் கூறுகிறது. அதிலும் பரிசம் என்னும் தொடுதல் தவறாமல் இடம் பெற்றுள்ளது. சரக சம்ஹிதை குஷ்ட நோய்களின் முன்குறிகளைத் தொகுக்குமிடத்தில், தோலின் நிறம் மாறுவதோடு தொடுவுணர்ச்சி குன்றுவதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே அந்தப் பெண்ணின் கையை ஒரு நல்ல ஆயுர்வேத மருத்துவர் நேரில் பார்த்திருந்தால், அவருடைய நூலே அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கும்.

செயலி செய்தது என்ன? அது கண்டது, வினவியது. தொடவில்லை, தொட அதற்குக் கை இல்லை. மூன்று தேர்வில் இரண்டைக் கொண்டு மூன்றுக்குமான தீர்ப்பை உரைத்தது. அத்துடன் அமையாமல் தீர்ப்பின் கீழே விற்பனைச் சீட்டையும் நீட்டியது.

அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் வியப்பில்லை. ஒவ்வொரு நயமும் பொருளின் ஒரு கூற்றைக் காட்டும். அந்த அளவில் அது மெய்யே. தான் கண்ட கூறே முழுப்பொருள் என்று சாதிக்கும்போது அது பொய்ந்நயம் ஆகிறது. கைப்பேசியின் கண் காட்டியது பொய் அன்று. தேமல் வெளிறித்தான் இருந்தது. எஞ்சியதைத் தான் அறியவில்லை என்று சொல்லாமல் விட்டதே பிழை. 'எனக்குத் தெரிந்தது இவ்வளவே. தொட்டுப் பார்க்க வல்லாரிடம் செல்க' என்ற ஒரு வரி அங்கே இருந்திருந்தால், நான்கு மாதம் வீணாகியிராது.

கருவியின் கண்

கருவியின் கண்ணும் பழுதற்றது அன்று. படங்களைப் பார்த்துப் பழகித்தான் அது காணக் கற்கிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஏறத்தாழ 1,29,000 தோல் படங்களைக் கொண்டு பயிற்றிய கணினி, தோற்புற்றை இனங்காண்பதில் தோல் மருத்துவர்களுக்கு நிகராக நின்றது என்று வெளியிட்டனர். வியத்தகு செய்தி அது. ஆனால் 2022இல் வேறு ஆய்வாளர்கள், பல நிறத்தாருடைய 656 படங்களைத் தேர்ந்து, இத்தகைய கணினி முறைகளைச் சோதித்தபோது, கரிய மேனியரிடத்தில் அவற்றின் திறம் குறைவது தெரிந்தது. முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆடவரிடம் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ். கரிய நிற மகளிரிடம் ஒரு மென்பொருளின் பிழை நூற்றுக்கு 34ஐத் தாண்டியது. எந்த நிறத்தை மிகுதியாகக் கண்டு பழகினதோ அந்த நிறத்தையே அது நன்கு காணும்.

தோல் நிறத்தை அளக்க மருத்துவ உலகம் கையாளும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் வரலாறும் இதையே சொல்கிறது. 1975இல் அது வகுக்கப்பட்டபோது வெள்ளைத் தோலருக்கு உரிய நான்கு படிகளே இருந்தன. பழுப்பும் கருமையும் பின்னரே சேர்க்கப்பட்டன. நம் மேனி அந்தக் கணக்கில் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

இன்னொன்றும் உண்டு. முகத்துக்கு 61 என்று மதிப்பெண் இட்டதே, அந்த நூறு எங்கிருந்து வந்தது? கரும்புள்ளியும் நிற வேறுபாடும் 'குறை' என்று யாரோ முன்கூட்டி முடிவு செய்து கருவிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆயுர்வேதம் அப்படிச் சொல்லவில்லை. சரகர் 'வர்ண்யம்' என்று பத்து மூலிகைகளை ஒரு தொகுதியாக்கினார். சந்தனம், விலாமிச்சை, அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி முதலியன அதில் உள்ளன. அவரவர்க்கு இயல்பான நிறத்தின் ஒளியை மீட்பது அவற்றின் பயன். சுசுருதர் தோலை ஏழு அடுக்காகப் பகுத்து, மேலடுக்குக்கு 'அவபாசினி' எனப் பெயரிட்டார். எல்லா நிறங்களையும் விளக்கிக் காட்டுவது என்பது அதன் இலக்கணம். கருநிறத்தை நோய் என்று அவர் அந்த அடுக்கில் எழுதி வைக்கவில்லை.

சமணராகிய நமக்கு இது இன்னும் தெளிவாக விளங்க வேண்டும். மேனி நிறம் நாமகருமத்தால் அமைவது. தீர்த்தங்கரர்களுள் பதினாறு பேர் பொன்னிறத்தார். சந்திரப்பிரபரும் புட்பதந்தரும் வெண்ணிறத்தார். பத்மப்பிரபரும் வாசுபூஜ்யரும் செந்நிறத்தார். சுபார்சுவரும் பார்சுவநாதரும் பசுமேனியர். முனிசுவிரதரும் நேமிநாதரும் கருமேனியர். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் சிகாமணிநாதராக உயர்ந்து நிற்கும் நேமிநாதரை வணங்கிவிட்டு வீடு திரும்பி, பெண் குழந்தை கறுப்பாய்ப் பிறந்ததே என்று பெருமூச்சு விடுகிறோமே, இது என்ன நற்காட்சி? 1975இல் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற நிறக்களிம்பு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. களிம்புக்கு வந்த வெட்கம், நம் திருமண விளம்பரங்களுக்கு இன்னும் வரவில்லை.

இளையோர் தரப்பு

இவ்வளவும் சொன்னபோது, என் தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, அந்தச் செயலியிடம் நான் ஏன் போனேன் என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லையே?"

நான் விடையின்றி நின்றேன். அவளே சொன்னாள்: "உங்களிடம் காட்டியிருந்தால் முதலில் ஊருக்குத் தெரியக் கூடாது என்பீர்கள். பிறகு பாட்டி ஏதாவது பூசச் சொல்வார். பிறகு வரன் பேச்சு கெடும் என்று அம்மா அழுவார். கைப்பேசி அழாது, யாரிடமும் சொல்லாது என்று நினைத்தேன்."

இதை மறுக்க முடியவில்லை. கருவியின் பக்கமும் நியாயம் உண்டு. தோல் மருத்துவர் இல்லாத ஊர்கள் ஏராளம். மகளிர் தம் உடற்குறையை அயலாரிடம் காட்டக் கூசுவர். முதியோர்க்குப் பேருந்து ஏறும் வலிமை இல்லை. இத்தகையோர்க்குத் தொலைவிலிருந்து மருத்துவர் முகம் காண்பது பெரும் உதவி. 2019இல் தொடங்கி, பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் பொதுமக்களின் வீடு வரை வந்த ஈசஞ்சீவனி என்னும் அரசின் தொலைமருத்துவ ஏற்பாடு எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது. திங்கள்தோறும் ஒரே இடத்தைப் படம் பிடித்து வைத்தால், புண் ஆறுகிறதா, படை பரவுகிறதா என்று மருத்துவர் ஒப்புநோக்கலாம். மனிதக் கண் மறப்பதைக் கருவி மறவாது. 2024 சனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு முறையில் ஆயுர்வேத, சித்த, யுனானி நோய்ப் பெயர்கள் ஒரு தொகுதியாக இணைக்கப்பட்டன. பழைய மருத்துவத்தின் அனுபவத்தைக் கணினியில் முறைப்படத் தொகுத்து, மெய்யெது பொய்யெது என்று சோதிக்க இது வழி செய்யும்.

ஆகவே கருவியை வெறுப்பது நமது முடிபு ஆகாது. 2020 மார்ச்சில் வெளியான அரசின் தொலைமருத்துவ நெறிமுறையே ஒரு நல்ல எல்லையை வகுத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை செய்யலாம். அது தானே நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது. நேரில் பார்க்க வேண்டிய நிலையா என்று முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவரையே சாரும். அழகுப் பொருள் என்ற பெயரில் வரும் செயலிகள் இந்த எல்லையைச் சுற்றிக்கொண்டு செல்கின்றன. 'நாங்கள் மருந்து தரவில்லை, மேனிப் பராமரிப்பே தருகிறோம்' என்பது அவர்கள் வாதம். நோயாளியோ அதை மருந்தென்று நம்பியே பூசுகிறாள்.

அணுவிரதம் கொண்டு ஓர் ஆராய்ச்சி

இல்லறத்தார் இத்தகைய பொருளைக் கையில் எடுக்குமுன் தம் விரதங்களை உரைகல்லாகக் கொள்ளலாம்.

முதலாவது கொல்லாமை. 'மூலிகை' என்று எழுதியிருப்பதெல்லாம் மூலிகை அன்று. முகப்பொலிவுக்குப் புகழ்பெற்ற குங்குமாதித் தைலத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நூல் முறையில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி ஆகியவற்றோடு அரக்கும் சேர்கிறது. அரக்கு, நுண்பூச்சிகள் கிளைகளில் கசியவிடும் பிசின். அதனைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன. அதனால்தான் நம் முன்னோர், சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து கர்மாதானத் தொழில்களுள் அரக்கு வாணிபத்தையும் ஒன்றாக வைத்தனர். இதழ்ச்சாயத்தின் சிவப்புக்குக் கொச்சினீல் என்னும் பூச்சி அரைபடுகிறது. களிம்பைக் கெட்டியாக்கத் தேன்மெழுகு சேர்க்கின்றனர். லானோலின் ஆட்டு மயிரின் கொழுப்பு. கஸ்தூரி மஞ்சள் என்பது கிழங்குதான், மானுக்கும் அதற்கும் மணத்தால் மட்டுமே உறவு, அஞ்ச வேண்டா. ஆனால் வெறும் 'கஸ்தூரி' என்றிருந்தால் கேட்டறிக. உணவுப் பொதியில் காணும் பச்சைப் புள்ளியை அழகுப் பொருள்களில் எல்லாம் எதிர்பார்க்க இயலாது. ஆறுதலான செய்தி ஒன்று: அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதை 2014 மே மாதத்தில் இந்தியா தடை செய்தது. அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதும் அதே ஆண்டு நவம்பரில் தடுக்கப்பட்டது.

மருந்துக்கும் கொல்லாமைக்கும் பகை இல்லை என்பதற்கு நம் மரபிலேயே சான்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்னும் திகம்பர ஆசாரியர் கல்யாணகாரகம் என்ற மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். ஊனையும் மதுவையும் விலக்கியே அதில் மருந்து வகுத்தார். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையில், ஊன் மருந்தாகாது என்று அவர் நிறுவிய உரையும் அந்நூலின் இறுதியில் சேர்ந்துள்ளது. மருத்துவத்தைத் துறக்காமலே அதனைத் தூய்மை செய்யலாம் என்பதற்கு அவர் வழிகாட்டி.

இரண்டாவது வாய்மை. 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்பது பொய்யுரை. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய எழுபது ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது, பதினான்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகிய நஞ்சுகளுள் ஏதேனும் ஒன்றேனும் இருந்தது. 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், நிறம் கூட்டும் களிம்புகளைப் பூசியவர்களிடையே சிறுநீரகக் கோளாறு காணப்பட்டது. பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். பாதரசம் மெலனின் என்னும் நிறப்பொருள் உருவாவதைத் தடுக்கும். மேனி வெளுக்கும், உள்ளே சிறுநீரகம் கருகும். இவ்வகைக் களிம்பை விற்பவன் சொல்வது பொய். 'நன்றாக இருக்கிறாயே, என்ன பூசுகிறாய்?' என்று கேட்டறிந்து ஆராயாமல் பிறர்க்கும் பரிந்துரைக்கும் நாமும் அப்பொய்க்குப் பங்காளிகள்.

மூன்றாவது கள்ளாமை. கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் இலக்கணம். அந்தப் பெண் தேமலுக்கு மருந்து கேட்டுத் தன் படத்தைக் கொடுத்தாள். விளம்பரத்துக்கென்று கொடுக்கவில்லை. ஆனால் சில நாள்களுக்குள் அவள் தாயின் கைப்பேசியில் வெண்தேமல் தைலங்களும், வடு மறைக்கும் பூச்சுகளும் வரிசையாகத் தோன்றத் தொடங்கின. காரணம் புரியாமல் என் தங்கை அவற்றை அகற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டார்க்கு மறைத்த ஒன்று யாரோ ஒரு வணிகருக்குத் தெரிந்துவிட்டது. சிற்றூர்ச் சமூகத்தில் ஒரு பெண்ணின் தோல்நோய்ச் செய்தி வெளிப்பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வேலி. எந்தப் பயனுக்கு என்று தெளிவாகச் சொல்லி இசைவு பெற வேண்டும்; கொடுத்த இசைவை எளிதில் திரும்பப் பெற வழி வேண்டும்; பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பன அதன் கருத்து. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் அறம் ஒன்றே: பிறர் முகம் பிறர் பொருள்.

நான்காவது மிகுபொருள் விரும்பாமை. போகோபபோகப் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்வது சிராவக விரதங்களுள் ஒன்று. நலங்கு மாவுக்குப் பயற்றம் பருப்பும், கஸ்தூரி மஞ்சளும், ஆவாரம்பூவும், வெட்டிவேரும், பூலாங்கிழங்கும் அரைத்துவந்த வீடுகளில் இன்று குளியலறை மாடம் முழுதும் குப்பிகள். மதிப்பெண் 61 என்று சொல்லும் கருவிக்கு, 100 என்று சொல்வதில் ஆதாயம் இல்லை. குறை தீர்ந்தால் விற்பனை தீர்ந்துவிடும். ஆசைக்கு அளவு வகுத்தவனே அந்தச் சுழலிலிருந்து வெளியேறுவான்.

சனத்குமாரர் கதையின் பொருள்

சனத்குமாரச் சக்கரவர்த்தியின் கதையை நாம் அறிவோம். அவன் பேரழகை இந்திரன் புகழக் கேட்டு, இரு தேவர்கள் அந்தணர் வேடத்தில் காண வந்தனர். நீராடுமுன், அணிகலன் ஏதுமின்றி இருந்தவனைக் கண்டு வியந்தனர். செருக்குற்ற அரசன், அணி பூண்டு அவையில் இருக்கும்போது வந்து காணுமாறு பணித்தான். வந்து கண்டவர் வருந்தினர். முன்கண்ட பொலிவு குன்றிவிட்டது என்றனர். யாக்கையின் நிலையாமை அக்கணமே அவனுக்கு விளங்க, அரசு துறந்து முனிவனானான். பின்னர் அம்முனிவர் மேனியைப் பல நோய்கள் பற்றின. தேவன் ஒருவன் மருத்துவனாக வந்து தீர்ப்பதாகச் சொன்னபோது, 'இந்நோயை நானே தீர்க்க வல்லேன். பிறவி நோய்க்கு மருந்துண்டாயின் தருக' என்று கேட்டார்.

இக்கதையை எடுத்துக்கொண்டு, 'அழகு நிலையாது. ஆகவே தேமலுக்கு மருந்து எதற்கு?' என்று ஒரு பெண்ணிடம் சொல்வோமாயின், கதையைத் தலைகீழாகப் படித்தவர் ஆவோம். மருந்தை மறுத்தவர் எல்லாம் துறந்த முனிவர். தம் உடலைக் குறித்து, தாமே மறுத்தார். பிறர் உடலைக் குறித்து நமக்கு விதிக்கப்பட்டது ஔஷத தானம். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அது ஒன்று. அசுசி பாவனை நம் செருக்கை அடக்கத் தரப்பட்டது; அயலாரை அருவருக்கத் தரப்பட்டது அன்று.

அபயம் என்ற நான்காவது தானத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். அஞ்சாதே என்று சொல்வதே அபயம். எங்கள் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தேமலை முதல் வாரமே தன் தாயிடம் காட்டியிருப்பாள். செயலியின் பிழை இரண்டாவது. எங்கள் பிழை முதலாவது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அன்பர்களே, கைப்பேசியை உடைக்க வேண்டா. தைலத்தைக் கொட்டவும் வேண்டா. தோலில் வெளிறிய தேமலோ சிவந்த தடிப்போ கண்டால் படம் எடுக்குமுன் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குன்றியிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தொலைவிலிருந்து ஆலோசனை பெறுவீராயின், மறுமுனையில் பதிவு பெற்ற மருத்துவர் இருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பொருளை வாங்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். சிறுவர் படத்தை அனுப்புமுன் பெற்றோர் அறியட்டும். தசலட்சணத் திருநாள்களில் ஊர்தோறும் கூடுகிறோமே, அங்கே ஒருநாள் தோல் மருத்துவர் ஒருவரையும் அழைத்து முகாம் நடத்தினால் அதுவும் வழிபாடே.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் தம் உடலின் குறையை நம்மிடம் அச்சமின்றிக் காட்டும்படி வீட்டை வைத்துக்கொள்வோம். செவிலியர் பேனா முனையால் தொட்டபோது அசையாதிருந்த அந்த விரல் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உணர்ச்சியற்றுப் போனது அவள் கையில் ஒரு சிறு வட்டம் மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க அறம், வளர்க ஜீவதயை.